வன்தட்டு பழுதானாலும் கணக்கு தவறாது: சேமிப்பு அடுக்கை நிறுவும் முறை

காரைக்குடியில் ஒரு கல்வி நிலையத்தின் கணினி அறையில், பல சர்வர்கள் ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்யும் கிளஸ்டர் ஒன்றுக்குச் சேமிப்பு அடுக்கு பொருத்தும் பணியில் சில நாள் உடனிருந்தேன். 60 வன்தட்டுகளைத் தாங்கும் அந்த இரும்புப் பெட்டியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இதில் எவ்வளவு கொள்ளும்? பொருத்த வந்த பொறியாளரோ கொள்ளளவைப் பற்றிப் பேசவே இல்லை. எந்தத் தட்டு முதலில் பழுதாகும், அன்று என்ன நடக்கும் என்பதைச் சுற்றியே அவருடைய ஒவ்வொரு முடிவும் அமைந்திருந்தது.

வன்தட்டு என்பது நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் இயந்திரம். தேய்மானம் அதற்கு இயல்பு. ஒன்றிரண்டு தட்டுகள் உள்ள வீட்டுக் கணினியில் பழுது என்பது எப்போதாவது நேரும் விபத்து. நூற்றுக்கணக்கான தட்டுகள் இரவு பகலாகச் சுழலும் இடத்தில் அது ஆண்டுதோறும் எதிர்பார்க்க வேண்டிய செலவு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வுரை இதற்கு ஒரு வழி காட்டியது. விலை உயர்ந்த ஒரே பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான பல தட்டுகளை அடுக்கி, அவற்றில் ஒன்று போனாலும் மீட்கும் அளவுக்குக் கூடுதல் தகவலைச் சேர்த்து எழுதிவைப்பது அந்த வழி. 'மலிவான தட்டுகளின் மிகை அடுக்கு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்த ரெய்டு (RAID) என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

அந்தக் கூடுதல் தகவல் என்ன என்பதைச் செட்டிநாட்டில் விளக்குவது எளிது, ஏனென்றால் ஐந்தொகை போட்டுப் பழகிய ஊர் இது. ஒரு குடும்பத்துக்கு ரங்கூனில் 40, பினாங்கில் 25, கொழும்பில் 15, சைகோனில் 20 என்று ஆயிரக்கணக்கில் முதல் இருந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 100. ஏட்டில் பினாங்குப் பக்கத்தைக் கரையான் அரித்துவிட்டாலும் கவலையில்லை. 100-இலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் 25 என்று தெரிந்துவிடும். தட்டுகளில் கூட்டலுக்குப் பதில் ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கணக்கு நடக்கிறது. மூன்று தட்டுகளின் ஒரே இடத்தில் 1, 0, 1 என்று இருந்தால், ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை என்பதால் நான்காம் தட்டில் 0 எழுதப்படும். எந்தத் தட்டு போனாலும் எஞ்சிய மூன்றையும் பார்த்து, ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக அமைய என்ன வேண்டுமோ அதையே மீட்டு எழுதலாம். இதற்குப் பாரிட்டி என்று பெயர். ரெய்டு 5 என்னும் முறை இதைத்தான் எல்லாத் தட்டுகளிலும் மாற்றி மாற்றிப் பரப்பி வைக்கிறது.

இரண்டு பக்கங்கள் ஒருசேர அரிபட்டால் இந்தக் கூட்டுத்தொகை உதவாது. பினாங்கும் கொழும்பும் சேர்ந்து 40 என்று மட்டும் தெரியும். எது எவ்வளவு என்று தெரியாது. ஆகவே இன்னொரு தொகையும் வேண்டும். முதல் ஊரை 1-ஆலும், அடுத்ததை 2-ஆலும், மூன்றாவதை 3-ஆலும், நான்காவதை 4-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 215 வருகிறது. இதில் ரங்கூனின் 40-ஐயும் சைகோனின் 80-ஐயும் கழித்தால் எஞ்சுவது 95. பினாங்கை இருமடங்காகவும் கொழும்பை மும்மடங்காகவும் எடுத்தால் 95. இரண்டையும் இருமடங்காக எடுத்தால் 80. ஆகவே வேறுபாடான 15 கொழும்புக்கு உரியது, மீதி 25 பினாங்குக்கு உரியது. ரெய்டு 6 செய்வதும் இதைத்தான். அதன் இரண்டாம் தொகையை, இர்விங் ரீடும் கஸ்டாவ் சாலமனும் 1960-இல் வகுத்த குறிமுறையின் வழியில், எண்கள் பெருகிக்கொண்டே போகாத ஒரு தனிக் கணிதத்தில் கணக்கிடுகிறார்கள்.

இரண்டாம் தொகை வீண் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் மீட்பு நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 16 டெராபைட் தட்டு ஒன்றைப் புதிதாக நிரப்ப, நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் 80,000 நொடிகள், அதாவது 22 மணி நேரத்துக்கு மேல், ஆகும். கிளஸ்டர் தன் வழக்கமான வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தால் இது நாட்கணக்கில் நீளும். அந்த நேரம் முழுவதும் எஞ்சிய தட்டுகள் ஓரம் முதல் ஓரம் வரை படிக்கப்படுகின்றன. ஒரே நாளில் ஒரே ஆலையில் பிறந்த அவற்றில் அடுத்தது விழுவதற்கு அதைவிட வாய்ப்பான நேரம் இல்லை. இவ்வளவு பெரிய தட்டுகளுக்கு ரெய்டு 5 போதும் என்று விலைப்புள்ளியில் எழுதித் தருபவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இனி பொருத்தும் வேலை. கணினிப் பெட்டிகளை அடுக்கும் இரும்புச் சட்டகமான ரேக்கின் அகலம் 19 அங்குலம், உயரம் 1.75 அங்குலக் கூறுகளாக அளக்கப்படுகிறது. தட்டுகளோடு சேர்ந்தால் பெட்டியின் எடை 100 கிலோவை நெருங்கும் என்பதால் அதை வெறுமையாகவே தூக்கி, ரேக்கின் அடிப்பகுதியில் தண்டவாளம் போன்ற இரு சட்டங்களில் ஏற்றி, அதன்பின் தட்டுகளை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். மேலே ஏற்றினால் பெட்டியை வெளியே இழுக்கும்போது ரேக்கே முன்னால் சாயும். தட்டு இல்லாத துளையைத் திறந்து விடாமல் வெற்று மூடியால் அடைக்க வேண்டும். முகப்பில் நுழைந்த காற்று வளவைக் கடந்து நேர்கோட்டில் பின்கட்டு வழியாக வெளியேறும் செட்டிநாட்டு வீட்டைப் போலவே ரேக்கிலும் குளிர்காற்று முன்னால் புகுந்து வெப்பக்காற்று பின்னால் போகிறது. நடுவே ஓட்டை இருந்தால் பின்பக்கச் சூடு முன்னால் திரும்பிவிடும். உள்ளே புகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. கத்திரி வெயிலில் குளிர்சாதனம் ஒரு மணி நேரம் நின்றால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேபிள்களில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பெட்டிக்கு, தட்டுகளில் எழுதுவதையும் படிப்பதையும் நடத்தும் கன்ட்ரோலர்கள் இரண்டு, சர்வரிலிருந்து இரண்டு கேபிள்கள், இரண்டு மின்வழங்கிகள் என்று எல்லாம் இரட்டையாகவே வரும். ஆனால் இரண்டு கேபிள்களையும் ஒரே கன்ட்ரோலரிலும், இரண்டு மின்வழங்கிகளையும் ஒரே யூபிஎஸ்ஸிலும் செருகிவிட்டால், இரட்டைக்குக் கொடுத்த பணம் வீண். விளக்கு எல்லாம் பச்சையாகவே எரியும் என்பதால் இந்தத் தவறு வெளியே தெரியாது.

மின்தடைக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. வரவை எழுதிவிட்டு மொத்தத்தைத் திருத்துவதற்குள் விளக்கு அணைந்தால் ஏடு பொய் சொல்லும் அல்லவா? தட்டிலும் அப்படியே: தரவு புதியது, பாரிட்டி பழையது. இதைத் தவிர்க்கவே கன்ட்ரோலர் எழுதவேண்டியதை முதலில் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. கரண்ட் போனாலும் ஒரு சிறு பேட்டரியோ மின்தேக்கியோ அதைக் காக்கிறது. அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தால் பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன ஊரில், அந்தச் சிறு பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற மறந்துவிடுவது வேடிக்கைதான்.

இயக்கும்போது முதலில் சேமிப்பு அடுக்கு, பிறகு சர்வர்கள். நிறுத்தும்போது இதற்குத் தலைகீழ். தட்டுகள் தயாராகும் முன் சர்வர் விழித்துக்கொண்டால் அடுக்கே இல்லை என்று முடிவுகட்டிவிடும். இதற்கு மேல், எந்தக் கோப்பின் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற குறிப்பை கோப்புகளைப் பல சர்வர்களுக்கும் பொதுவாக்கும் லஸ்டர் போன்ற மென்பொருளில் தனிச் சர்வர் ஒன்று வைத்துக்கொள்ள, கணக்குச் செய்யும் சர்வர்கள் துண்டுகளை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு மீட்டுத் தராது. அழித்ததையும் அது உண்மையாகவே எழுதிக்கொள்ளும். வேறு இடத்தில் ஒரு நகல் இருந்தே ஆக வேண்டும்.

வேறோர் இடத்தில் நானே செய்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் துளையில் உள்ள தட்டு பழுது என்று திரை காட்டியது. இடமிருந்து நான்காவதை உருவினேன். மென்பொருள் 0-விலிருந்து எண்ணியிருந்தது. நான் எடுத்தது நல்ல தட்டு. இரண்டாம் பாரிட்டி இருந்ததால்தான் அன்று தரவு தப்பியது. அதனால்தான் காரைக்குடியில் அந்தப் பொறியாளர் 60 தட்டுகளிலும் ஆலை அச்சிட்ட வரிசை எண்களையும் துளை எண்ணோடு சேர்த்துச் சீட்டில் எழுதி ஒட்டியபோது, மற்றவர்கள் பொறுமையிழந்தாலும், நான் பசையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒப்படைப்பதற்கு முந்தைய மாலை, ஒரு பெரிய கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் முதலில் ஒரு கேபிளை உருவினார். வேகம் குறைந்தது, எழுதுவது நிற்கவில்லை. பிறகு ஒரு மின்வழங்கியை. கடைசியாக ஒரு தட்டின் அடையாள விளக்கைத் திரையிலிருந்து மினுக்கவிட்டு, சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதையும் வெளியே இழுத்தார். காத்திருந்த உதிரித் தட்டு தானாகச் சுழலத் தொடங்கியது. மீட்பு முடிய இன்னும் 23 மணி நேரம் என்று திரை காட்ட, அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனோம்.