தூதரகப் பயிற்சியில் மதத்துக்கு என்ன இடம்?

வெளியுறவுப் பணிக்குத் தேர்வாகி வரும் இளம் அதிகாரிகளுக்குச் சர்வதேசச் சட்டமும் வணிக ஒப்பந்தங்களும் தூதரக நெறிமுறைகளும் விரிவாகக் கற்பிக்கப்படுகின்றன. மதம் பற்றிய பாடமோ பெரும்பாலும் ஒரு பிற்பகல் சொற்பொழிவோடு முடிந்துவிடுகிறது. எந்தச் சமயத்தவர் எதை உண்ணமாட்டார்கள், எந்த வழிபாட்டிடத்தில் தலையை மூட வேண்டும், யாரிடம் கைகுலுக்க முயலக் கூடாது என்ற அளவில் சில குறிப்புகள் தரப்படும். விருந்து மேசையில் அவை கைகொடுக்கும். போர்நிறுத்தம் பேசும் மேசையில் அவற்றால் அதிகம் ஆகாது. அமைதியைக் கட்டியெழுப்பும் பயிற்சிகளை நடத்துபவர்களுள் ஒருவன் என்ற முறையில் நான் வலியுறுத்துவது இதுதான்: மதத்தைப் பண்பாட்டு அறிமுகமாக ஒதுக்கிவிடாமல், பேச்சுவார்த்தைப் பயிற்சிக்கு உள்ளேயே வைத்துக் கற்பிக்க வேண்டும்.

இதற்கு நான் வகுப்பில் முதலில் எடுத்துக்கொள்வது மொசாம்பிக். ஃப்ரெலிமோ அரசுக்கும் ரெனாமோ கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே 1977 முதல் நடந்த உள்நாட்டுப் போரில், பஞ்சத்தையும் சேர்த்து, ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. இரு தரப்பும் 1990 ஜூலையில் முதன்முதலாக நேருக்கு நேர் அமர்ந்த இடம் எந்த அரசு மாளிகையும் இல்லை. ரோம் நகரின் டிராஸ்டவெரே பகுதியில் இருந்த சாந்த் எஜீதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் (குருக்கள் அல்லாத இறைமக்கள்) சமூகத்தின் இல்லம். அச்சமூகத்தின் ஆண்ட்ரேயா ரிக்கார்டி, மத்தேயோ ஜுப்பி, மொசாம்பிக்கின் பெய்ரா நகரப் பேராயர் ஜைமே கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் மரியோ ரஃபாயெல்லி ஆகிய நால்வரும் தொடக்கத்தில் பார்வையாளர்களாகவே இருந்தனர். வேறு மத்தியஸ்தர் எவரும் இரு தரப்புக்கும் ஒத்துவராத நிலையில்தான் அந்தப் பொறுப்பு இவர்களிடம் வந்தது. 1992 அக்டோபர் 4 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது.

இந்த வரலாற்றைக் கேட்கும் பயிற்சி அதிகாரிகள் பலர், சமயத் தலைவர்கள் இருந்ததால் நம்பிக்கை தானாகவே வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். நடந்தது வேறு. ஃப்ரெலிமோ 1989 வரை மார்க்சியக் கொள்கை கொண்டிருந்த கட்சி. 1975-இல் விடுதலை பெற்ற பிறகு திருச்சபையின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் அரசுடைமையாக்கியிருந்தது. அந்த அரசுக்கும் திருச்சபைக்கும் இடையிலான பேச்சுக்கு உதவியும், பஞ்சக் காலத்தில் உணவும் மருந்தும் அனுப்பியும் அச்சமூகம் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த நம்பிக்கையே ரோமில் பயன்பட்டது. அதே வேளையில், நம்பிக்கையால் மட்டும் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற முடியாது. பேச்சுவார்த்தையின் இறுதிக் கட்டத்தில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், போர்ச்சுகல், ஐ.நா. ஆகியவை பார்வையாளர்களாகச் சேர்ந்தன. உடன்படிக்கைக்குப் பின் 1992 டிசம்பரில் பாதுகாப்பு அவை தனது 797-ஆம் தீர்மானத்தின் வழியே ஓர் அமைதிகாப்புப் பணியை அனுப்பியது. 1994 அக்டோபரில் தேர்தல் நடந்தது. சர்வதேச ஒத்துழைப்பு என்று மாநாடுகளில் பொதுப்படையாகச் சொல்லப்படுவதன் உள்ளீடு இந்த வேலைப் பகிர்வுதான். யாரால் எது முடியாது என்பதை உணர்ந்து அதை மற்றவரிடம் ஒப்படைக்கும் பக்குவத்தை ஓர் அதிகாரி பணியில் சேருமுன்பே பெற வேண்டும்.

பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவு தொடர்பாக அந்நாட்டு அரசுக்கும் முஸ்லிம் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தையிலும் இதே பகிர்வைப் பார்க்கலாம். மலேசியா இடைநின்று நடத்திய அந்தப் பேச்சுக்குத் துணையாக 2009-இல் அமைந்த பன்னாட்டுத் தொடர்புக் குழுவில் பிரிட்டன், ஜப்பான், துருக்கி, சவூதி அரேபியா ஆகிய அரசுகளோடு அரசு சாரா அமைப்புகளும் உறுப்பினர்களாக இருந்தன. முழுமையான உடன்படிக்கை 2014 மார்ச்சில்தான் கைகூடியது.

பாடமாகச் சொல்வதைவிட மாதிரிப் பேச்சுவார்த்தையில் இது நன்றாகப் பதிகிறது. கற்பனையான ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, பயிற்சி பெறுவோரை அரசுத் தரப்பு, ஆயுதக் குழு, சமயத் தலைவர்கள் மன்றம், வெளிநாட்டுப் பார்வையாளர்கள் எனப் பிரிக்கிறோம். ஒவ்வொரு அணிக்கும் தனித்தனி விளக்கத்தாள் தரப்படும். மன்றத்தின் தாளில் மட்டும், நடுவில் எங்கோ, ஒரு சிற்றூரின் இடுகாடு எதிர்த்தரப்பின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்பதாகவும், இறந்தோரை அங்கே அடக்கம் செய்ய முடியவில்லை என்று மக்கள் முறையிடுவதாகவும் ஒரு வரி இருக்கும். எவரேனும் கேட்டால் ஒழிய அதைச் சொல்லக் கூடாது என்பது விதி. அரசு அணியினர் வழக்கமாகச் செய்வது, எல்லைக் கோடு, ஆயுத ஒப்படைப்பு, பொது மன்னிப்பு என்று நேரே பெரிய விஷயங்களுக்குள் இறங்கி முட்டி நிற்பதுதான். சமயத் தலைவர்களைக் கூட்டறிக்கை வாசிக்கும் நேரத்தில், படம் எடுத்துக்கொள்ள அழைப்பார்கள். அபூர்வமாக ஓர் அணி, மன்றத்தை முன்னதாகவே தனியே சந்தித்து, உங்கள் மக்களுக்கு நாளைக்கே தேவைப்படுவது என்ன என்று கேட்கும். அப்போது இடுகாட்டு விவகாரம் வெளியே வரும். வாரத்தில் சில மணி நேரம் அந்த வழியைத் திறந்துவிடுவது என்ற சிறிய இணக்கத்தில் பேச்சு தொடங்கும். எந்தப் பக்கமும் எல்லைக் கோட்டில் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. கூட்டுப் படங்களைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இதன் மறுபக்கத்தையும் பயிற்சியில் காட்டியாக வேண்டும். கிறித்தவ, முஸ்லிம் ஆயுதக் குழுக்கள் மோதிக்கொண்ட மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பேராயர் ந்ஸபலயிங்கா, இமாம் கோபினே லயாமா, போதகர் கெரெகோயாமே மூவரும் இணைந்து ஊர் ஊராகச் சென்று வன்முறைக்கு எதிராகப் பேசினார்கள். 2013-இன் இறுதியில் உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோது இமாமுக்குத் தம் இல்லத்தில் அடைக்கலம் தந்தவர் பேராயர். ஆயினும் ஆயுதக் குழுக்கள் பல அவர்களுக்குக் கட்டுப்படவில்லை. தலைவர் சொன்னால் சமூகம் கேட்கும் என்ற எண்ணம் தூதரக அறிக்கைகளில் மிக எளிதாக நுழைந்துவிடுகிறது. பதவியில் இருப்பவரைத் தாண்டி, யார் சொல்லுக்கு யார் செவிசாய்க்கிறார்கள் என்று விசாரிக்கத் தெரிய வேண்டும். லைபீரியாவில் 2003-இல் உள்நாட்டுப் போரை நிறுத்தக் கோரி கிறித்தவ, முஸ்லிம் பெண்கள் ஒன்றாகத் திரண்டு, கானாவின் தலைநகர் அக்ராவில் அமைதிப் பேச்சு நடந்த அரங்கின் வாயில் வரை சென்று தலைவர்களை நெருக்கினார்கள். அவர்களை முன்னின்று நடத்திய லேமா குபோவிக்கு 2011-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. எந்தச் சமயப் பீடத்திலும் அமராதவர்கள் அவர்கள்.

சகிப்புத்தன்மை என்பதை எல்லா மதங்களையும் பாராட்டிப் பேசுவது என்று குறுக்கிவிடுவதும் ஆபத்தே. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவு, நம்புகிறவரோடு நம்பாதவரையும் காக்கிறது; 20-ஆம் பிரிவு, பகைமையையும் வன்முறையையும் தூண்டும் சமய வெறுப்புப் பேச்சைச் சட்டத்தால் தடைசெய்யச் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே நிதானமாக நடக்க, ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் முயற்சியில் வல்லுநர்கள் வகுத்த 2012-ஆம் ஆண்டின் ரபாத் செயல்திட்டம் ஆறு அளவுகோல்களைத் தருகிறது: சூழல், பேசியவரின் நிலை, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், பரவல், தீங்கு நேரும் வாய்ப்பு. ஒரே உரையை இரண்டு குழுக்களிடம் தந்து இந்த அளவுகோல்களால் மதிப்பிடச் சொன்னால், தமக்கு நெருக்கமான மதத்தவர் பேசியதாகக் கருதும் குழு நோக்கத்தை மென்மையாகவும், மற்றக் குழு கடுமையாகவும் வாசிப்பது கண்கூடு. தம் சாய்வைத் தாமே பார்க்க வைப்பதற்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, பாடத்திட்டம் எழுதுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று இடமாற்றம். மூன்று ஆண்டுகளில் ஓர் அதிகாரி அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார்; அவர் பெற்ற அறிமுகங்களும் அவரோடு போய்விடும். ஆகவே எங்கள் பயிற்சியின் இறுதித் தேர்வாக, அடுத்து வருபவருக்கான ஒப்படைப்புக் குறிப்பை எழுதச் சொல்கிறோம். அதில் எந்தச் சமயத் தலைவர் யாரோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார், எந்த நோன்புக் காலத்தில் கூட்டம் வைக்கக் கூடாது, எந்த வாக்குறுதி இன்னும் நிறைவேறாமல் கிடக்கிறது என்பவை இருக்க வேண்டும். தொலைபேசி எண்களின் பட்டியலை மட்டும் கொடுப்பவருக்கு மதிப்பெண் இல்லை.