ஓவியம் அசையாது, ஆனாலும் படமெடுப்பது சுலபமில்லை

1967இல் பிபிசி-2 வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. வண்ணத்தின் அருமையைக் காட்ட ஐரோப்பிய ஓவியங்களையும் கட்டடங்களையும் பற்றி ஒரு தொடர் எடுக்கலாம் என்று முடிவு செய்தவர், அப்போது அந்தச் சேனலுக்குப் பொறுப்பாக இருந்த டேவிட் அட்டன்பரோ. கலை வரலாற்றாசிரியர் கென்னத் கிளார்க் வழங்கிய அந்த 13 பகுதித் தொடர் 1969இல் வந்தது. 35 மி.மீ. வண்ணப் பிலிமில் எடுத்தார்கள். அந்தக் காலத்துப் பிலிமுக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். ஓவியத்துக்கோ வெளிச்சம் ஆகாது. இந்த இழுபறி இன்றும் தீரவில்லை.

அருங்காட்சியகங்களில் நீர்வண்ண ஓவியங்களுக்கும் துணிகளுக்கும் வழக்கமாக 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு), எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் என்று வரம்பு வைத்திருப்பார்கள். நிறம் வெளிறுவது மொத்தமாக எவ்வளவு ஒளி பட்டது என்பதைப் பொறுத்தது. ஒரு நீர்வண்ண ஓவியம் 50 லக்ஸில் எட்டு மணி நேரம் தொங்கினால் 400 லக்ஸ்-மணி. படக்குழு வந்து 1000 லக்ஸை அரை மணி நேரம் அடித்தால் 500. ஒரு நாள் கணக்கைத் தாண்டியாயிற்று! அதனால்தான் ஃபோகஸ் பார்க்கும்போது விளக்கைக் குறைத்து வைத்து, டேக் ஓடும்போது மட்டும் ஏற்றுகிறார்கள்.

அடுத்த தொல்லை பளபளப்பு. எண்ணெய் ஓவியத்தின் மேல் பெரும்பாலும் வார்னிஷ் இருக்கும். ஓவியத்தின் பின்னணி இருட்டாக இருந்தால் விளக்கு, கேமராமேன், எதிர்ச்சுவர் எல்லாமே அதில் தெரியும். முதல் வைத்தியம் பள்ளிக்கூடப் பாடம்தான்: படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். விளக்குகளை இரண்டு பக்கமும் 45 பாகையில் வைத்தால் எதிரொளிப்பு கேமராவுக்கு வராமல் விலகிப் போகும். ஆனால் தூரிகைத் தடங்கள் மேடும் பள்ளமுமாய் இருப்பதால், ஏதாவது ஒரு மேடு கேமராவைப் பார்த்து மினுக்கிக்கொண்டேயிருக்கும்.

இதற்குத்தான் போலரைசர் என்ற ஒளி வடிகட்டி. விளக்கின் முன் ஒரு தாள், லென்ஸின் முன் அதற்குச் செங்குத்தாகத் திருப்பிய இன்னொன்று. விளக்குத் தாளைத் தாண்டிய ஒளி ஒரே தளத்தில் அதிரும். வார்னிஷின் மேற்பரப்பில் தெறித்து வரும்போதும் அந்தத் தளம் பெரும்பாலும் மாறாது. லென்ஸ் போலரைசர் அதை மறித்துவிடும். நிறத்துகள்களுக்குள் புகுந்து பலமுறை மோதி வெளிவரும் ஒளியோ அந்த ஒழுங்கை இழந்திருக்கும். அதில் சுமார் பாதி லென்ஸுக்குள் நுழைந்துவிடும். ஓவியத்தின் நிறம் இருப்பது இந்த ஒளியில்தான். ஒரு எச்சரிக்கை: மினுக்கத்தை முழுக்கக் கொன்றுவிட்டால் ஓவியம் காலண்டர் படம் மாதிரி தட்டையாகிவிடும். கைதேர்ந்தவர்கள் போலரைசரைக் கொஞ்சம் திருப்பி, துளி மினுக்கத்தை விட்டுவைப்பார்கள். அதுதான் சரி என்பேன். எண்ணெய் வண்ணத்தின் தடிமன் தெரிவதே அதில்தானே.

அருங்காட்சியகத்தின் சொந்த விளக்குகளும் சும்மா இருக்காது. ஐரோப்பாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நேரடியாக அதில் எரியும் விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 நொடி வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு அடங்கும், படம் நிலையாக இருக்கும். 1/60 வைத்தால் கணக்கு உதைக்கும்; படம் விட்டுவிட்டு மங்கலாம்.

அப்புறம் அளவு. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ சுமார் 3.8 மீட்டர் உயரம். 4கே திரையின் உயரத்தில் இருப்பது 2160 புள்ளிகள். முழு ஓவியத்தையும் ஒரே ஷாட்டில் காட்டினால் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 1.8 மி.மீ.; மெல்லிய தூரிகைக் கோடுகள் காணாமல் போகும். கிட்டே போய் கேமராவை நகர்த்த வேண்டும். வேகமாக நகர்த்தினால் நொடிக்கு 25 ஃப்ரேமில் படம் தத்தித் தத்தி ஓடும். ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏழு நொடியாவது ஆகட்டும் என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய கணக்கு.

இந்த ஓவியத்தை வைத்திருக்கும் ரைக்ஸ்மியூசியம் 2022இல் இதை 8439 புகைப்படங்களாக எடுத்து, ஒட்டி, 717 கிகாபிக்சல் (71,700 கோடி புள்ளி) படமாக வெளியிட்டது. புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 5 மைக்ரோமீட்டர். இப்படி ஒரு படம் கையில் இருந்தால் அந்த நகர்வுகளைக் கணினிக்குள்ளேயே செய்துகொள்ளலாம், ஒரு லக்ஸ்கூடச் செலவில்லாமல்.