பழைய பிலிம் கேமராவின் மீட்டரை நம்பலாமா?

பழைய பிலிம் எஸ்எல்ஆரை சர்வீஸுக்கு எடுத்து வருகிறவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "மீட்டர் தப்பா காட்டுதுங்க." வெளிச்சத்தை அளந்து, எவ்வளவு ஷட்டர் வேகமும் அப்பெர்ச்சரும் வேண்டும் என்று சொல்லும் பகுதிதான் மீட்டர். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், போனில் இருக்கும் லைட் மீட்டர் ஆப் ஒன்று காட்டுகிறது, கேமரா வேறொன்று காட்டுகிறது என்பார்கள். ஆப் சரி என்று யார் சொன்னது? அது கிடக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் நான் கேமராவைத் திறப்பதில்லை. எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவு விலகுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஒரே அளவு விலகினால் பயமில்லை. ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. மீட்டர் எப்போதும் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் கூடுதலாகக் காட்டுகிறதா, 400 பிலிமுக்கு, பிலிமின் வேகத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ டயலை 200-இல் வையுங்கள், வேலை முடிந்தது. வெயிலில் சரியாகக் காட்டிவிட்டு நிழலில் ஒரு ஸ்டாப் தள்ளிப்போகும் மீட்டருக்கு இந்த வைத்தியம் பலிக்காது.

இப்படி மாறி மாறி விலகும் கேமராக்களில் நான் முதலில் சந்தேகப்படுவது பேட்டரியை. ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி 101, நிக்கோர்மேட் எஃப்டிஎன் எல்லாம் 1.35 வோல்ட் மெர்குரி பட்டன் செல்லுக்காகச் செய்யப்பட்டவை. அந்தச் செல் தீரும்வரை வோல்டேஜ் கிட்டத்தட்ட அசையாது. மெர்குரி நஞ்சு என்பதால் அது சந்தையை விட்டே போய்விட்டது. இப்போது அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் செல் அழகாக உள்ளே உட்காரும், மீட்டரின் ஊசியும் அசையும். ஆனால் அது 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். புதுச் செல் போட்டதும் இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாக மீட்டர் காட்டும், நெகட்டிவ் வெளிறிப்போகும். செல் இறங்க இறங்க அளவும் நகரும். அதாவது இன்று ஒப்பிட்டுக் குறித்துவைத்த கணக்கு அடுத்த மாதம் செல்லாது.

இதற்கு இரண்டு வழி உண்டு. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் செல் 1.4 வோல்ட்டில் சீராக நிற்கும். சின்ன வளையம் ஒன்றை வைத்து பேட்டரிக் குழியில் பொருத்த வேண்டும். ஸ்டிக்கரை உரித்த பிறகு அதிக நாள் தாங்காது, விலை குறைவு என்பதால் பரவாயில்லை. இல்லையென்றால் 1.55 வோல்ட் சில்வர் ஆக்ஸைடு செல் போட்டு, வோல்டேஜை இறக்க உள்ளே ஒரு டயோடு சேர்க்கலாம்.

1964-இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்குக்கு இந்தத் தலைவலி கிடையாது. அதன் சர்க்யூட் தராசு மாதிரி: இரண்டு பக்கமும் சமமானால் ஊசி நடுவில் நிற்கும். வோல்டேஜ் கூடினால் இரு பக்கமும் சேர்ந்தே கூடும் என்பதால் நடுப்புள்ளி நகராது. கேனன் ஏஇ-1 (1976), நிக்கான் எஃப்எம்2 (1982) போன்றவை வெளிச்சத்தை உணரும் பகுதியாக சிலிக்கான் சென்சாருக்கு வந்துவிட்டவை. அவற்றுக்கு மெர்குரி பேட்டரி தேவையே இல்லை.

அடுத்தது, எந்த மீட்டர் காட்சியின் எந்தப் பகுதியைப் பார்க்கிறது என்பது. ஸ்பாட்மேட்டிக் முழு பிரேமையும் சராசரி எடுக்கும். எஃப்எம்2 நடுவில் உள்ள 12 மி.மீ. வட்டத்துக்கு 60 சதவீத மதிப்புக் கொடுக்கும். வானம் பாதி தெரியும் காட்சியில் இரண்டும் வேறு வேறு சொல்லத்தான் செய்யும், இரண்டுமே நல்ல நிலையில் இருந்தாலும். கையில் தனியாக வைத்து அளக்கும் புதுக் கைமீட்டர்கள்கூட ஒன்றுபோல இல்லை: வெளிச்சத்தை எக்ஸ்போஷராக மாற்றும் கணக்கில் செகோனிக் 12.5 என்ற மாறிலியையும் பென்டாக்ஸ் 14 என்ற மாறிலியையும் வைத்துக் கணக்கிடுகின்றன. வித்தியாசம் ஆறில் ஒரு ஸ்டாப். இதற்கெல்லாம் மல்லுக்கட்ட வேண்டாம்.

ஒப்பிடுவதென்றால் இப்படிச் செய்யுங்கள். ஒரே சீராக வெளிச்சம் விழும் வெற்றுச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸ், போகஸ் இன்ஃபினிட்டியில், பிரேம் முழுக்கச் சுவர் மட்டும். கண்ணாடி போட்டவர்கள் வியூஃபைண்டரை விரலால் சுற்றி மறையுங்கள். பின்னாலிருந்து நுழையும் வெளிச்சம் மீட்டரை ஏமாற்றிவிடும். எஃப்எம்2-இன் வியூஃபைண்டரில் கூட்டல் குறியும் வட்டமும் சேர்ந்து எரிந்தால் வெளிச்சம் கூடுதல் என்று பொருள், அது ஐந்தில் ஒரு ஸ்டாப்பாகவும் இருக்கலாம், ஒரு முழு ஸ்டாப்பாகவும் இருக்கலாம். வட்டம் தனியாக எரியும்வரை அப்பெர்ச்சர் வளையத்தைத் திருப்பிய பிறகே எண்ணைக் குறியுங்கள். நிக்கோர்மேட் மாதிரி வெளிச்சத்தை உணர கேட்மியம் சல்ஃபைடு சென்சார் உள்ளவற்றை வெயிலிலிருந்து நேராக அறைக்குள் கொண்டுவந்தால் கொஞ்ச நேரம் காத்திருங்கள். முன்பு பார்த்த வெளிச்சத்தை அந்த சென்சார் சட்டென்று மறக்காது. அப்புறம், அதே சோதனையை நல்ல வெயில், நிழல், விளக்கு வெளிச்சம் என்று மூன்றிலும் செய்யுங்கள். ஒரே இடத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமில்லை.

கலர் நெகட்டிவ் போடுகிறவர்களுக்கு, வெளிச்சம் கூடுதலாக விழும் பக்கமாக ஒரு ஸ்டாப் தவறினால் பெரிய நஷ்டம் இல்லை. எக்டாக்ரோம் மாதிரி ஸ்லைடு பிலிமில் அரை ஸ்டாப்பே கண்ணுக்குத் தெரியும். அப்போது மீட்டர் மட்டும் சரியாக இருந்தால் போதாது, ஷட்டரையும் சோதிக்க வேண்டும். 1/1000 என்று வைத்தால் 1/700-தான் தரும் பழைய கேமராக்கள் ஏராளம். அதுவே அரை ஸ்டாப்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மூன்று வெளிச்சத்திலும் வந்த எண்களையும், உள்ளே இருக்கும் பேட்டரி எந்த வகை என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஊசி துள்ளுகிறது என்றால் எந்த ஷட்டர் வேகத்தில் துள்ளுகிறது என்றும் எழுதுங்கள். நிக்கோர்மேட்டில் அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் வளையத்தின் தேய்மானம்தான்.