இலைக்குள் சுற்றும் குடைராட்டினம்

"ராத்திரியில் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது, அரசமரத்தடியில் படுக்கலாம் என்கிறார்களே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய நடைப்பயிற்சிக் கூட்டாளிகள் விடிகாலை நாலரை மணிக்கே அரசமரத்தைச் சுற்றக் கிளம்பிவிடுகிறார்களாம். அரசமரம் இருபத்துநாலு மணி நேரமும் ஆக்சிஜன் விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததுதான் காரணம்.

விடாது. அரசமரம் மட்டுமல்ல, எந்த மரமும் இருட்டில் ஆக்சிஜன் விடாது. கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் ஏன் விடாது என்று தேடிப் போனால், எனக்கு மிகப் பிடித்த ஒரு இயந்திரத்தின் வாசலில் போய் நிற்போம். அதைப் பற்றி எழுத ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தேன், வாசகருக்கு நன்றி.

அதற்கு முன் புளியமரத்துப் பேயை முடித்துவிடலாம். நான் படித்த காலத்தில் அதற்கு ஓர் 'அறிவியல் விளக்கம்' சொல்வார்கள்: ராத்திரியில் மரம் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது, அடியில் படுத்தவனுக்கு மூச்சு முட்டுகிறது, அதைத்தான் பேய் அமுக்குகிறது என்கிறார்கள். கேட்பதற்குப் பகுத்தறிவாகத்தான் இருக்கும். திறந்த வெளியில் மரம் விடும் மூச்சு காற்றோடு காற்றாகக் கலந்துவிடும். உங்களுக்கு மூச்சு முட்டுமென்றால் மரத்தைவிடப் பக்கத்தில் படுத்திருக்கும் ஆள்மேல்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பேயை விரட்ட வந்த விளக்கமே இன்னொரு பேயாக உட்கார்ந்துவிட்டது. இதே மரத்தனமான தர்க்கத்தின் மறுபாதிதான் அரசமரத்து ஆக்சிஜன்.

ஒளிச்சேர்க்கைப் பாடம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, வெயில். மறுபக்கம் சர்க்கரையும் ஆக்சிஜனும். அந்த ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருகிறது. 1941இல் ரூபன், கேமன் குழுவினர் எடை கூடிய ஆக்சிஜன் அணு கொண்ட நீரைப் பாசிக்குக் கொடுத்து இதைக் காட்டினார்கள். தண்ணீரோ லேசில் உடையாது. நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியமும் கொண்ட ஒரு சிறு கொத்து, பச்சையத்தின் உதவியோடு, இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறது. ஒரு பிடுங்கலுக்கு ஓர் ஒளித்துகள் கூலி. நான்கும் வந்த பிறகுதான் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளியே வரும். வெளிச்சம் இல்லையென்றால் கூலி இல்லை, வேலையும் இல்லை. நிலா வெளிச்சம் போதாதா என்றால், முழுநிலவே நண்பகல் வெயிலில் சில லட்சத்தில் ஒரு பங்குதான்.

ராத்திரியில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடு வாங்கும் செடிகள் உண்டு: கற்றாழை, அன்னாசி, சப்பாத்திக்கள்ளி. வாங்கியதை மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்துப் பகலில் பயன்படுத்தும். ரணகள்ளி இலை காலையில் புளிக்கும், பகல் ஏற ஏறப் புளிப்பு போய்விடும் என்று 1813இல் கடிதம் எழுதியவர் பெஞ்சமின் ஹெய்ன், மெட்ராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியலாளராக இருந்தவர். நாக்கையே ஆய்வுக்கருவியாக வைத்துக்கொண்ட மனிதர். ஆனால் இந்தச் செடிகளும் இரவில் வாங்கத்தான் செய்கின்றன. ஆக்சிஜன் விடுவது பகலில்தான்.

சரி, எலக்ட்ரானைப் பிடுங்கியாயிற்று. சர்க்கரை செய்ய இலைக்கு இரண்டு பொருள் வேண்டும்: எலக்ட்ரான், அப்புறம் ஏடிபி. அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்ற இந்த மூலக்கூறுதான் உயிருள்ள எல்லாச் செல்களும் செலவழிக்கும் சில்லறை. இதை 1929இல் ஜெர்மனியில் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனித்தனியே கண்டறிந்தார்கள். பீமவரத்துக்காரரான சுப்பாராவ் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். கதர் அங்கி போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனதால் அறுவைசிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் ஒரு படி குறைந்த சான்றிதழோடு வெளியே வந்தார். நம் உடம்பு ஒவ்வொரு நொடியும் புழங்கும் சில்லறைக்கு ஒரு கதர்ச் சட்டைக்காரரும் சாட்சி என்பது எனக்கு மகிழ்ச்சி.

எவ்வளவு புழங்குகிறது? ஒரு கணக்குப் போடலாம். நாளுக்கு 2,000 கிலோகலோரி சாப்பிடுகிறீர்கள், அதாவது சுமார் 8,400 கிலோஜூல். அதில் 40 விழுக்காடு ஏடிபியாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் 3,360. செல்லுக்குள் ஒரு மோல் (வேதியியலில் மூலக்கூறுகளை எண்ணும் அளவு) ஏடிபி செய்ய ஏறக்குறைய 50 கிலோஜூல் ஆகும். ஆக 67 மோல். ஒரு மோலின் எடை 507 கிராம். மொத்தம் 34 கிலோ. ஒரு நாளைக்கு! உடம்பில் ஒரு நேரத்தில் இருப்பதோ ஒரு கைப்பிடிதான். அதே கைப்பிடி உடைந்து உடைந்து நூற்றுக்கணக்கான முறை மறுபடி உருவாகிறது. இலையிலும் இதே கதை. ஏடிபி உடைந்தால் ஒரு பாஸ்பேட் குறைந்து அடினோசின் டைபாஸ்பேட் ஆகிவிடும். அதோடு பாஸ்பேட்டைத் திரும்ப ஒட்ட வேண்டும். யார் ஒட்டுவது?

1950களில் இதுதான் பெரிய புதிர். சாப்பாட்டிலிருந்தோ வெயிலிலிருந்தோ வரும் ஆற்றலைத் தாங்கிக்கொண்டு வந்து ஏடிபியிடம் ஒப்படைக்கும் ஒரு வேதிப்பொருள் இருந்தாக வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். பல ஆய்வகங்கள் அதைத் தேடின. கிடைத்துவிட்டது என்று அவ்வப்போது அறிவிப்பு வரும், பிறகு அடங்கிவிடும். 1961இல் எடின்பரோவிலிருந்த பீட்டர் மிட்செல், அப்படி ஒரு பொருளே கிடையாது என்று எழுதினார். ஆற்றல் இருப்பது செல்லுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வின் இரு பக்கங்களுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வில். எலக்ட்ரான் ஓடும் போக்கில், ஹைட்ரஜன் அணுவின் கருக்களான புரோட்டான்கள் ஒரு பக்கமாக இறைத்துக் குவிக்கப்படுகின்றன. அவை திரும்பி வர முண்டுகின்றன. அந்த முண்டலைக்கொண்டு ஏடிபி செய்யப்படுகிறது என்றார். சக விஞ்ஞானிகள் சிரித்தார்கள், சிலர் எரிச்சலடைந்தார்கள்.

வயிற்றுப்புண் முற்றி 1963இல் பல்கலைக்கழக வேலையை விட்டார். கார்ன்வால் பகுதியில் போட்மின் அருகே பாழடைந்து கிடந்த க்ளின் மாளிகையை வாங்கிச் சீர்செய்து, குடும்பச் சொத்துப் பணத்தில் ஒரு சின்ன ஆய்வகம் தொடங்கினார். கூடவே நெடுநாள் ஆய்வுத்துணையான ஜெனிஃபர் மாய்ல். அங்கிருந்துகொண்டே 1978இல் வேதியியல் நோபலைத் தனியாளாக வாங்கினார்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி எனக்குள் குடையும். மாளிகை வாங்கப் பணமில்லாத மிட்செல்கள் என்ன ஆகியிருப்பார்கள்? மொத்த உற்பத்தியில் 0.7 விழுக்காட்டைக்கூட ஆய்வுக்குக் கொடுக்காத நாட்டில் நாம் இருக்கிறோம். "புரோட்டான் முண்டுகிறதா என்று பார்க்கப் போகிறேன்" என்று ஒரு இளைஞர் விண்ணப்பம் போட்டால், மூன்று வருடத்தில் என்ன தொழில்நுட்பம் வரும் என்று கேட்கும் கட்டத்தில் அவர் எதை எழுதுவார்? உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமானால் யாருடைய சொத்தை விற்பார்? பசு மூத்திரத்தில் புற்றுநோய் மருந்து தேடுகிறேன் என்றால் ஒருவேளை பணம் கிடைக்கலாம். போகட்டும்.

மிட்செல் சொன்னதற்கு எனக்குப் பிடித்த சாட்சி 1966இல் ஆண்ட்ரே ஜேகன்டார்ஃப், எர்னஸ்ட் யூரிபே செய்த சோதனை. ஸ்பினாச் கீரையின் பசுங்கணிகங்களை உடைத்து எடுத்த சவ்வுப் பைகளை இருட்டில், புளித்த மோர் அளவு புளிப்பான அமிலத்தில் ஊறவைத்தார்கள். பைக்குள்ளும் புளிப்பு ஏறிய பிறகு, சட்டென்று ஆப்பசோடாக் கரைசல் அளவு காரமான நீருக்கு மாற்றினார்கள். புளிப்பு என்றாலே புரோட்டான் மிகுதிதான். அதை அளக்கும் பிஎச் கணக்கில் உள்ளே 4, வெளியே 8. அதாவது உள்ளே புரோட்டான்கள் பத்தாயிரம் மடங்கு அதிகம். ஏடிபி உருவானது. ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல்! வெயில் இலைக்குள் செய்கிற வேலை பைக்குள் புளிப்பேற்றுவதுதான் என்று இதைவிடப் பளிச்சென்று காட்ட முடியாது.

இனி நான் காத்திருந்த இடம். புளிப்பான பைக்குள்ளிருந்து புரோட்டான் வெளியேற ஒரே வழி, ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி. அதன் அடிப்பகுதி சவ்வுக்குள் புதைந்த ஒரு வளையம். ஸ்பினாச் கீரையில் அந்த வளையத்தில் 14 இருக்கைகள். திருவிழாக் குடைராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்பக்க வாசலில் ஒரு புரோட்டான் ஏறி உட்காரும். வளையம் ஒரு இருக்கை நகரும். அடுத்தது ஏறும். ஏறியவர் ஏறக்குறைய முழுச் சுற்றும் சுற்றிவந்த பிறகுதான் இறங்கும் வாசல் வரும். அது சவ்வின் மறுபக்கம் திறக்கிறது. ஏறும் பக்கம் கூட்டம் நெரிகிறது, இறங்கும் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது. அதனால் ராட்டினம் ஒரே திசையில் சுற்றுகிறது. தள்ளிவிட ஆள் வேண்டாம், ஏறுகிறவர்களின் நெரிசலே போதும்.

வளையத்தின் நடுவிலிருந்து ஒரு கோணல் அச்சு மேலே எழும்புகிறது. அதைச் சுற்றி மூன்று அறைகள் கொண்ட உருண்டைத் தலை. தலை கூடவே சுற்றிவிடாமல் பக்கவாட்டில் ஒரு தாங்குகால் பிடித்துக்கொள்கிறது. அச்சு கோணலாக இருப்பதால் சுற்றும்போது மூன்று அறைகளையும் மாறி மாறி நெருக்கும். ஒரு நெருக்கலில் அறை திறந்து டைபாஸ்பேட்டையும் பாஸ்பேட்டையும் வாங்கும். அடுத்ததில் இறுக மூடும். மூன்றாவதில் தயாரான ஏடிபியை வெளியே தள்ளும். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அமெரிக்கர் பால் பாயர் கண்டுபிடித்தது. ஆற்றல் எந்த இடத்தில் செலவாகிறது? பாஸ்பேட்டை ஒட்டும் இடத்தில் என்றுதான் யாரும் சொல்வார்கள். இல்லை என்றார் பாயர். இறுக மூடிய அறைக்குள் ஒட்டுதல் கிட்டத்தட்டச் செலவில்லாமல் நடந்துவிடுகிறது. குழிப்பணியாரம் சுட்டவர்களுக்கு இது சட்டெனப் புரியும். மாவை ஊற்றினால் தானாக வெந்துவிடும். குழியைவிட்டுக் கம்பியால் கிளப்புவதுதான் பாடு. அறையோடு அப்பிக்கொண்ட ஏடிபியைக் கிளப்பத்தான் அச்சின் சுழற்சி. 1994இல் ஜான் வாக்கர் குழு மாட்டு இதயத்திலிருந்து எடுத்த இந்தத் தலையின் உருவத்தை அணு அணுவாக வரைந்தபோது, மூன்று அறைகளும் மூன்று வெவ்வேறு நிலைகளில் இருந்தன. பாயரும் வாக்கரும் 1997இல் நோபல் பகிர்ந்துகொண்டார்கள்.

அதே 1997இல் ஜப்பானில் நோஜி, யோஷிடா, கினோசிட்டா குழுவினர் சுழற்சியைக் கண்ணாலேயே பார்த்தார்கள். வெப்பம் விரும்பும் ஒரு பாக்டீரியாவிலிருந்து தலையை எடுத்துக் கண்ணாடியில் தலைகீழாக ஒட்டி, அச்சின் நுனியில் ஒளிரும் ஆக்டின் இழை ஒன்றைக் கட்டினார்கள். தலையின் அகலம் 10 நானோமீட்டர். இழை அதைப்போல நூறு மடங்கும் அதற்கு மேலும் நீளம். நம் வீட்டு மிக்சியின் அச்சில் ஒரு தென்னை மரத்தைக் கட்டியது மாதிரி. ஏடிபியை ஊற்றியதும் இயந்திரம் பின்னோக்கி ஓடி, இழை விசிறிபோலச் சுற்றியது. சுமை இல்லாவிட்டால் நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல் போகும். உங்கள் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறிக்கு நொடிக்கு ஆறேழு சுற்றுதான். 2004இல் இன்னும் ஒரு படி: அச்சில் காந்த மணியை ஒட்டி, காந்தத்தால் எதிர்த்திசையில் வலுக்கட்டாயமாகச் சுற்றினார்கள். ஏடிபி உருவானது. உருவானதைக் காட்டிக்கொடுத்தது மின்மினிப் பூச்சியின் நொதி. ஏடிபி கிடைத்தால் அது மினுக்கும்.

இதே இயந்திரம்தான் நம் செல்களுக்குள் சாப்பாட்டிலிருந்து ஏடிபி செய்யும் மைட்டோகாண்ட்ரியாவிலும். வெயிலுக்குப் பதில் இட்லி, மற்றபடி அதே நெரிசல், அதே ராட்டினம். இருக்கைகள் மட்டும் எட்டு. அதாவது நமக்கு எட்டுப் புரோட்டானுக்கு மூன்று ஏடிபி, கீரைக்கு 14 தேவை. கீரை இதனால் கணக்கில் இடிக்கிறது: ஒரு ஆக்சிஜன் வெளியேறும் நேரத்தில் பைக்குள் சேருவது 12 புரோட்டான், அதற்கு இரண்டரைக்குச் சற்று மேல் ஏடிபி. ஒரு கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்க மூன்று வேண்டும். துண்டு விழுவதைச் சரிக்கட்ட, இலை சில எலக்ட்ரான்களை வட்டமாகத் திருப்பிவிட்டுக் கூடுதல் புரோட்டான் இறைத்துக்கொள்கிறது.

சவ்வில் ஓட்டை விழுந்தால்? டைநைட்ரோபீனால் என்ற பொருள் புரோட்டான்களைக் கள்ளத்தனமாகச் சவ்வு கடத்தும். ராட்டினம் சும்மா நிற்க, சாப்பாடு முழுதும் வெப்பமாகிவிடும். 1930களில் இதை உடல் இளைக்கும் மருந்தாக அமெரிக்காவில் விற்றார்கள். இளைத்தார்கள், சிலர் உள்ளேயே வெந்து செத்தார்கள். இணையத்தில் இன்றும் விற்கிறது. தொடாதீர்கள்.

மறுபடி அரசமரத்தடிக்கு வருவோம். இந்த ராட்டினம் பின்னோக்கியும் ஓடும் என்று பார்த்தோம். இருட்டில் நெரிசல் அடங்கியதும் அப்படி ஓடினால், பகலில் சேர்த்த ஏடிபியை உடைத்துப் புரோட்டானை வீணாக இறைத்துக்கொண்டிருக்கும். அதனால் பசுங்கணிகத்தின் ராட்டினத்துக்கு ஒரு தாழ்ப்பாள் உண்டு. அச்சில் அருகருகே இரண்டு கந்தக அணுக்கள். இருட்டில் அவை ஒன்றோடொன்று பிணைந்துகொள்ள, இயந்திரம் பூட்டிக்கொள்ளும். விடிந்ததும், வெயில் பிடுங்கிய எலக்ட்ரான்களில் சில தயோரெடாக்சின் என்ற சிறு புரதத்தின் வழியாக வந்து அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடும்.

வாசகரின் கூட்டாளிகள் நாலரை மணிக்குச் சுற்றும்போது தலைக்கு மேல் உள்ள ஒவ்வொரு இலையிலும் அந்தத் தாழ்ப்பாள் போட்டுத்தான் இருக்கும். ஓடிக்கொண்டிருப்பவை மைட்டோகாண்ட்ரியாவின் ராட்டினங்கள்: இலையிலும், அவர்களுடைய கெண்டைக்கால் தசையிலும், இரண்டும் ஒரே காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு. மரம் தாழ்ப்பாளைத் திறக்கும் நேரத்துக்குத்தான் போகவேண்டும் என்றால் ஆறரைக்குக் கிளம்பலாம். வெயில் ஏறிவிடும், வண்டிப் புகையும் வந்துவிடும் என்று தோன்றினால் நாலரைக்கே போகச் சொல்லுங்கள். புளியமரத்தைச் சுற்றினாலும் ஒன்றும் ஆகாது.