கிரைண்டர் விளம்பரம் ஏன் பின்னாலேயே வருகிறது?

"ஆன்லைன் கடையில் ஒரு டேபிள்டாப் கிரைண்டரைப் பார்த்தேன், வாங்கவில்லை. மறுநாள் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போன தளத்தில் அதே கிரைண்டர், அதே நிறம், அதே விலை. வீட்டில் அதைப் பற்றிப் பேசியதை ஃபோன் ஒட்டுக்கேட்டுவிட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். செருப்பு, மிக்ஸி, மெத்தை என்று பொருள் மாறுமே தவிர, இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருவதுதான். இதற்கு ஒட்டுக்கேட்கவே தேவையில்லை, குக்கீ போதும். எப்படி என்று பார்த்துவிட்டால் அந்தப் பயமும் போய்விடும், எதை நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், அந்தத் தளத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டரான சர்வர் அனுப்பும், அத்தோடு சர்வர் உங்களை மறந்துவிடும். அடுத்த கிளிக்கில் நீங்கள் யாரோ புது ஆள். செய்தி படிக்க இது போதும், ஆனால் கடை நடத்த முடியாது, ஏனென்றால் கூடையில் போட்ட பொருள் யாருடையது என்றே சர்வருக்குத் தெரியாது. 1994-ல், அந்தக் காலத்து பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மாண்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சர்வர் ஒரு எண்ணைக் கொடுக்கும், பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவை போகும்போதும் திரும்பக் காட்டும். கோயில் வாசலில் செருப்பை விட்டால் தரும் டோக்கன் மாதிரி: டோக்கனில் உங்கள் பெயர் கிடையாது, எண் மட்டும்தான், எந்தச் செருப்பு யாருடையது என்ற கணக்கு கொடுத்தவரிடம் இருக்கிறது.

குக்கீ என்பது அவ்வளவுதான். அது வெறும் எழுத்து, அதிகபட்சம் சுமார் 4 கேபி. அது நிரல் இல்லை, தானாக ஓடாது, வைரஸ் ஆகாது, உங்கள் புகைப்படங்களைத் தொடாது. கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து எஃப்12 பொத்தானை அழுத்தி, 'அப்ளிகேஷன்' என்ற பகுதிக்குப் போனால் நீங்கள் இருக்கும் தளத்தின் குக்கீகள் எல்லாம் வரிசையாகத் தெரியும்: ஒரு பெயர், ஒரு மதிப்பு, எந்தத் தளத்துக்குச் சொந்தம், எப்போது காலாவதி. ஆயுளைத் தேதியாகவோ நொடிக் கணக்கிலோ குறிப்பார்கள். சர்வர் அனுப்பும் வரியில் 31536000 என்று இருந்தால் அது சரியாக ஒரு வருடம். ஆயுளே குறிப்பிடாத குக்கீ பொதுவாக பிரவுசரை மூடியதும் போய்விடும்.

சரி, கிரைண்டருக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நாம் பார்க்கும் ஒரு பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஸ்கோர் தளத்தின் எழுத்து அதன் சர்வரிலிருந்து வரும், ஃபாண்ட் இன்னொரு இடத்திலிருந்து, வீடியோ வேறொன்றிலிருந்து, விளம்பரம் விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து. இவ்வளவையும் ஒவ்வோர் இடமாகப் போய் வாங்கி வந்து ஒட்டுவது உங்கள் பிரவுசர்தான். அப்போது அதற்கு ஒரே விதி: எந்த சர்வரிடம் போகிறாயோ, அந்த சர்வர் முன்பு கொடுத்த எண்ணை அதனிடமே காட்டு. முகவரிப் பட்டையில் இருக்கும் தளமா, அந்தப் பக்கத்தின் மூலையில் ஒட்டிய ஒரு துணுக்கா என்று ஆரம்ப காலத்து பிரவுசர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

இனி ஒவ்வொரு படியாகப் பாருங்கள். கிரைண்டர் பக்கத்தில் கடைக்காரர் ஒரு படத்தை வைத்திருக்கிறார், ஒரே ஒரு பிக்சல், கண்ணுக்கே தெரியாது. அந்தப் படம் இருப்பது விளம்பர நிறுவனத்தின் சர்வரில். அதன் முகவரியிலேயே கிரைண்டரின் பொருள் எண்ணையும் கடை சேர்த்து எழுதியிருக்கும். பிரவுசர் அந்தப் படத்தை வாங்கப் போகிறது. கையில் எண் இல்லாததால் விளம்பர சர்வர் படத்தோடு சேர்த்து 88214 என்று ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு, '88214, கிரைண்டர்' என்று தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. மறுநாள் ஸ்கோர் தளம். அதன் விளம்பர இடத்தை நிரப்புவதும் அதே நிறுவனம். பிரவுசர் விளம்பரத்தை வாங்கப் போகும்போது விதிப்படி 88214-ஐக் காட்டுகிறது. கணக்கைப் பார்த்ததும் கிரைண்டர் வந்துவிடுகிறது.

இதில் கடை ஸ்கோர் தளத்திடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, ஸ்கோர் தளத்துக்கு நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பதும் தெரியாது, விளம்பர நிறுவனத்துக்கு உங்கள் பெயர்கூடத் தேவைப்படவில்லை. எல்லா நடையும் நடந்தது உங்கள் பிரவுசர்! விளம்பர நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தங்கள் கணக்குகளை ஒன்றோடொன்று இணைத்தும் கொள்ளும். ஒரு நிறுவனத்தின் குக்கீயை இன்னொரு நிறுவனம் படிக்க பிரவுசர் விடாது. அதனால் முதல் நிறுவனம், பிரவுசர் கேட்ட படத்தைக் கொடுக்காமல், 'அதோ அந்த முகவரியில் போய்க் கேள்' என்று இரண்டாவது நிறுவனத்துக்குத் திருப்பி விடும். அந்த முகவரிக்குள் தன்னுடைய 88214-ஐயும் செருகிவிடும். இரண்டாவது நிறுவனத்திடம் பிரவுசர் அவர்களுடைய எண்ணையும் காட்டும்போது, இரண்டு எண்ணும் ஒரே ஆள் என்று முடிச்சுப் போட்டாயிற்று. எந்தப் பூட்டையும் உடைக்காமல் ஒரு தடையைத் தாண்டும் இந்த வழியைப் பொறியியலாக ரசிக்காமல் இருக்க முடியவில்லை, நம்மைக் கேட்காமல் செய்வதை ஏற்கவும் முடியவில்லை.

இந்த ஓட்டை அன்றைக்கே தெரியும் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 1997-ல் அமெரிக்க ஆய்வுக்கூடமான பெல் லேப்ஸின் டேவிட் கிறிஸ்டலும் மாண்டுல்லியும் எழுதிய முதல் குக்கீ தரநிலையிலேயே, இப்படி நாம் போன தளம் அல்லாத மூன்றாம் தரப்பு சர்வர்களோடு குக்கீ பரிமாறுவதைப் பயனர் அனுமதித்தால் ஒழிய பிரவுசர்கள் செய்யக்கூடாது என்று இருந்தது. அன்றைய பிரவுசர்களான நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் கண்டுகொள்ளவில்லை. ஆப்பிளின் சஃபாரி முழுமையாகத் தடுத்தது 2020 மார்ச்சில். ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூனிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் குக்கீகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது, அதனால் கடையில் வாங்கிய 88214 ஸ்கோர் தளத்தில் செல்லாது. கூகுளின் குரோம் 2020-ல் 'இரண்டு வருடத்தில் நிறுத்துகிறோம்' என்றது, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது, 2025 ஏப்ரலில் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டது. கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரம், ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தரும் தேடல் ஒப்பந்தப் பணம். சாலைக்கும் பாலத்துக்கும் அரசு செலவழிப்பது சரியென்றால், எவருடைய விளம்பரப் பணத்தையும் நம்பியிராத ஒரு நல்ல பிரவுசருக்கும் பொதுப்பணம் செலவழிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். குரோமில் அமைப்புகளுக்குள் 'தனியுரிமையும் பாதுகாப்பும்' பகுதியில், ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் தள அமைப்புகளுக்குள், மூன்றாம் தரப்பு குக்கீகளைத் தடுக்கும் வசதி இருக்கிறது. அதை ஒரு தடவை போட்டுவிட்டால் மேலே சொன்ன வேலையில் பெரும்பகுதி நின்றுவிடும், உங்கள் லாகின்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஏதாவது ஒரு தளத்தில் பேமெண்ட் சிக்கினால் அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். தினமும் எல்லா குக்கீயையும் அழிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஃபோன் வேகமாகும் என்று நம்பி. வேகத்துக்கும் இந்த 4 கேபி எழுத்துக்கும் சம்பந்தமில்லை. எல்லாத் தளத்திலும் திரும்ப ஓடிபி போட்டு உள்ளே போவதுதான் மிச்சம், தடுப்பு போடாதவரை விளம்பர நிறுவனம் அடுத்த நிமிடமே புது எண் கொடுத்துவிடும். 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்று கேட்கும் பெட்டி வந்தால் மறுப்பதைத் தேடி அழுத்துங்கள், தளம் இயங்கத் தேவையான குக்கீ எப்படியும் இருக்கும். ஏற்பது போல மறுப்பதும் சுலபமாக இல்லை என்பதற்காக 2022 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது.

விளம்பரத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது லாகின் குக்கீயைப் பற்றித்தான். பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனதற்கான சாட்சியே அந்த எண், அதைத் திருடியவரிடம் பல தளங்கள் ஓடிபி கேட்பதில்லை. யூடியூபர்களுக்கு 'விளம்பர ஒப்பந்தம்' என்று மெயில் அனுப்பி, அதிலிருக்கும் மென்பொருளை ஓடவிட்டு, குக்கீயைத் திருடி சேனலையே பறித்த கும்பல்களைப் பற்றி 2021-ல் கூகுளே எழுதியது. பிரவுசிங் சென்டரிலோ அடுத்தவர் கம்ப்யூட்டரிலோ வேலை முடிந்ததும் டேபை மூடினால் மட்டும் போதாது, லாக்அவுட் அழுத்துங்கள். ஒழுங்காக எழுதிய தளம் என்றால் அப்போது சர்வர் அந்த எண்ணையே ரத்து செய்துவிடும்.

அப்புறம், ஆப்களுக்குள் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் குக்கீ இல்லை, ஃபோனுக்கே உரிய விளம்பர ஐடி. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அதில் கூகுள், அதில் விளம்பரங்கள் என்று போனால் அந்த ஐடியை நீக்கும் வசதி இருக்கிறது. குக்கீயைத் தடுத்த கையோடு அதையும் நீக்கிவிடுங்கள்.