சிறுநீரகத் தமனிச் சுருக்கம்: காப்பீட்டு அட்டை எதற்கு, ஆரம்ப சுகாதார நிலையம் எதற்கு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 5 லட்சம் ரூபாய். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சுருங்கியதால் ரத்தக்கொதிப்பு வந்தவருக்கோ, பெரும்பாலும் அந்தத் தொகையைவிட மாதந்தோறும் கைக்கு வரும் மாத்திரைதான் முக்கியம். தமிழ்நாட்டில் இரண்டுக்கும் அரசு வழி வைத்திருக்கிறது. ஆனால் போக வேண்டிய வாசல் வேறு வேறு.

தமனி சுருங்கினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. உடம்பு முழுவதற்குமே அழுத்தம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் ரெனின் என்ற சுரப்பை அதிகமாக வெளியிடுகிறது, அழுத்தம் ஏறுகிறது. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் கொழுப்புப் படிவே காரணம். இளம் பெண்களுக்குத் தமனிச் சுவரின் நார்த்தசைக் கோளாறோ, தகாயாசு என்னும் தமனி அழற்சியோ இருக்கலாம். 30 வயதுக்குள் கடுமையான ரத்தக்கொதிப்பு வருவது, சிறுநீர் பிரிப்பு மாத்திரை உட்பட மூன்று மருந்துகளுக்கும் அடங்காமல் இருப்பது, எனலாப்ரில், லோசார்டான் வகை ரத்தக்கொதிப்பு மாத்திரை தொடங்கியதும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் சட்டென்று உயர்வது ஆகியவை சந்தேகத்துக்கு உரியவை. டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம் மூலம் உறுதி செய்வார்கள்.

இனி முதல் வாசல். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் இலவசம். இதற்குக் காப்பீட்டு அட்டையும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இம்மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வரும் ஊழியரிடம் சிறுநீரகத் தமனிச் சுருக்கம் இருப்பதைச் சொல்லி, மருத்துவமனைச் சீட்டையும் காட்டுங்கள். இரு பக்கத் தமனிகளும் சுருங்கியவருக்கு மேலே சொன்ன எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும். ஒரு பக்கம் மட்டும் சுருங்கியவருக்கோ அதுவே நல்ல மருந்து; ரத்தப் பரிசோதனையோடு கொடுப்பார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் போடும் மாத்திரையைக் கடன் வாங்கிப் போடுவது இந்த நோயில் கூடவே கூடாது.

இரண்டாவது வாசல் காப்பீடு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போனால் அட்டைக்குப் பதிந்துகொள்ளலாம். வரம்பு ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம், ஒருவருக்கு அல்ல. முன்பே இருந்த நோய் என்பதற்காக மறுக்க முடியாது. ஆனால் இது உள்நோயாளி சிகிச்சைக்கான திட்டம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிய பில்லை இதில் கேட்க முடியாது.

சுருங்கிய தமனியைப் பலூனால் விரிப்பது, அது திரும்பச் சுருங்காமல் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை உள்ளே வைப்பது போன்ற சிகிச்சை என்றால், மருத்துவமனை திட்டப் பட்டியலில் உள்ள சிகிச்சையின் பெயரில் ஸ்கேன் படங்களை அனுப்பி முன் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வரும் முன் பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தத் தலைப்பில் விண்ணப்பித்தார்கள், எவ்வளவு அனுமதியானது என்பதை அங்குள்ள காப்பீட்டுத் திட்ட ஊழியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டை இருக்கிறதே, ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்ற அவசரம்தான் எனக்குக் கவலை தருகிறது. கொழுப்புப் படிவால் சுருங்கிய தமனிக்கு ஸ்டென்ட் வைத்தவர்களையும் மருந்து மட்டும் எடுத்தவர்களையும் ஒப்பிட்ட அஸ்ட்ரல் (2009), கோரல் (2014) ஆய்வுகளில், ஸ்டென்ட்டால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் தெரியவில்லை. அடிக்கடி நுரையீரலில் திடீரென்று நீர் கோத்துக்கொள்கிறவர், எந்த மருந்துக்கும் அழுத்தம் அடங்காதவர், சிறுநீரகச் செயல்பாடு வேகமாகச் சரிகிறவர் ஆகியோருக்கு இந்தக் கணக்கு வேறு. நார்த்தசைக் கோளாறு உள்ள இளம் பெண்ணுக்குப் பலூன் சிகிச்சையே நல்ல பலன் தரும். ஸ்டென்ட் பெரும்பாலும் தேவைப்படாது. தகாயாசு என்றால் முதலில் அழற்சியை அடக்க வேண்டும். "எனக்கு எது காரணம், மருந்தை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா?" என்ற இரண்டு கேள்விகளை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஸ்டென்ட் வைத்தாலும் பலருக்கு மாத்திரை தொடரும். அதனால் மருத்துவமனையிலிருந்து வரும்போது மருந்துப் பட்டியலோடு கூடிய சுருக்க அறிக்கையை வாங்கி, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிடுங்கள். அனுமதியான சிகிச்சைக்கு மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம்.