கிளவுஸ் யாரைக் காப்பாற்றுகிறது?

வடசென்னையில் புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு பக்கம் பிள்ளையைக் குத்துச்சண்டைக்கு அனுப்பும் அம்மாக்கள் முதலில் கேட்பது, "கிளவுஸ் மாட்டிதானே அடிப்பாங்க?" என்பதுதான். ஆமாம், மாட்டித்தான் அடிப்பார்கள். ஆனால் கிளவுஸ் இந்த ஆட்டத்தை எப்படி மாற்றியது என்று தெரிந்துகொண்டால், அந்தப் பதில் மட்டும் போதாது என்பது புரியும்.

வெள்ளைக்காரர் வழியாக வந்து, 'பரம்பரை' என்று அழைக்கப்பட்ட குழுக்களாகப் பிரிந்து, 'ஆங்கிலக் குத்துச்சண்டை' என்ற பெயரிலேயே வடசென்னையில் வேரூன்றிய ஆட்டம் இது. இங்கிலாந்தில் தொடக்கத்தில் வெறுங்கையால்தான் ஆடினார்கள். 1743இல் ஜாக் பிரௌட்டன் விதி எழுதினார்: விழுந்தவனை அடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. இடுப்புக்கு மேலே பிடித்துத் தள்ளுவதற்குத் தடையில்லை. ஒருவர் விழுந்தால் ரவுண்டு முடிந்தது. அரை நிமிடத்தில் எழுந்து வர வேண்டும். மண்டை ஓட்டில் வெறுங்கையால் ஓங்கிக் குத்தினால் குத்தியவனின் கை எலும்பே உடையும். அதனால் அளந்துதான் அடித்தார்கள், உடம்பில் நிறைய அடித்தார்கள். 1889இல் ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் வெறுங்கையில் 75 ரவுண்டு ஆட முடிந்ததற்கு இந்த அளந்த அடியும் ஒரு காரணம்.

1867இல் வெளியாகி, மெல்ல மெல்லப் பரவிய குயின்ஸ்பெரி விதிகள் இதைத் தலைகீழாக்கின. கிளவுஸ் கட்டாயம், 3 நிமிட ரவுண்டு, 1 நிமிட ஓய்வு, கட்டிப்புரளத் தடை, விழுந்தால் 10 விநாடிக்குள் எழ வேண்டும். கைக்குப் பயம் போனதும் தலையைக் குறிவைப்பது எளிதாயிற்று. கையைத் தாழ்த்தி நின்றவர்கள் தாடையை இறக்கி, இரு கையையும் முகத்தருகே உயர்த்தினார்கள். இன்று பயிற்சி தரும் வாத்தியார் "கார்டை ஏத்து" என்று கத்துவது அங்கிருந்து வந்ததுதான்.

கிளவுஸ் தோல் கிழிவதையும் விரலெலும்பு முறிவதையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. தாடையில் பக்கவாட்டில் ஒரு ஹூக் (கையை வளைத்து அடிக்கும் குத்து) விழுந்தால் தலை திருகும். மூளை ஒரு கணம் பின்தங்கித் திரும்பும். நரம்பிழைகள் இழுபடுவது அப்போதுதான். தலைக்கவசத்துக்கும் இதே வரம்பு உண்டு. ஆண்களுக்கான உயர்மட்டப் போட்டிகளில் 2013 முதல் அதை எடுத்துவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கவசமின்றியே ஆடினர். பயிற்சியில் கவசம் போடுங்கள், வெட்டுக்காயம் குறையும். அது இருக்கிறது என்ற தைரியத்தில் கூடுதலாக அடி வாங்க விடாதீர்கள்.

பெரியமேட்டுக் கடையில் கிளவுஸ் வாங்கும்போது விலையை விட எடையைப் பாருங்கள். போட்டிக்கு 10 அல்லது 12 அவுன்ஸ். பெரியவர்கள் ஸ்பாரிங்குக்கு, அதாவது ஆளோடு ஆள் மோதும் பயிற்சிக்கு, 14 முதல் 16 அவுன்ஸ் (400 முதல் 450 கிராம் வரை). பழைய கிளவுஸை மாட்டிக்கொண்டு, விரல்முட்டி இருக்கும் இடத்தை மறு கைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே இருக்கும் விரல்முட்டி தட்டுப்பட்டால் பஞ்சு செத்துவிட்டது. அதைத் தொங்கவிட்ட குத்து மூட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆள்மேல் வேண்டாம்.

கிளவுஸுக்குள் கையில் சுற்றும் துணிப் பட்டையான கைப்பட்டை 4.5 மீட்டர் இருக்கட்டும். கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல்முட்டியில் மூன்று சுற்று, விரலிடுக்குகளில் ஒவ்வொன்று, மீண்டும் மணிக்கட்டில் முடிப்பு. சுற்றும்போது விரல்கள் விரிந்தே இருக்க வேண்டும். விரல்களைச் சேர்த்து வைத்துச் சுற்றினால், கையை மடக்கும்போது பட்டை இறுக்கிப் பிடிக்கும். கட்டி முடித்ததும் விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ அவிழ்த்துக் கட்டுங்கள்.

இந்த ஊரில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. பையன் அடிவாங்கித் தள்ளாடினால் முகத்தில் தண்ணீர் அடித்து, "ஒண்ணும் இல்லடா, ஏறு" என்று அடுத்த ரவுண்டுக்கு அனுப்புவது. தயவுசெய்து செய்யாதீர்கள். முதல் அடியிலிருந்து மீளாத மூளைக்கு இரண்டாவது அடி விழுந்தால் வீங்கி உயிரே போகலாம். நினைவு தப்பவில்லையே என்று சமாதானம் கொள்ளக் கூடாது. மூளை அதிர்ச்சி பெரும்பாலும் நினைவு தப்பாமலேதான் வருகிறது. கேட்டதையே கேட்பது, எந்த ரவுண்டு என்று தெரியாதது, கண் கூசுவது, நடை தடுமாறுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது.

அடுத்த 24 மணி நேரம் தனியே விடாதீர்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு இருந்தால் கூடும். ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு நடை, பிறகு நிழல் குத்து (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), பிறகு மூட்டை. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி திரும்பினால் ஒரு படி இறங்க வேண்டும். ஸ்பாரிங் டாக்டர் சொன்ன பிறகுதான். நாக்அவுட் ஆனவர், அதாவது அடிபட்டு விழுந்து 10 விநாடிக்குள் எழ முடியாதவர், குறைந்தது 30 நாளாவது ரிங் ஏறக் கூடாது.

திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது என்றால் காலைவரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனாலும் வேறெங்கு போனாலும், எத்தனை மணிக்கு அடிபட்டது, எவ்வளவு நேரம் நினைவில்லை, எத்தனை முறை வாந்தி என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள்.